இரண்டு முறை வயசுக்கு வந்தவள்

எங்கள் தெருவில் எல்லாப் பெண்களும் ஒரு முறைதான் வயசுக்கு வந்தார்கள். நான் இரண்டு முறை வந்தேன். முதல் முறை தெருவே கூடிக் குலவை போட்டது. போலீஸ்காரர்கள்கூட வந்து காவல் இருந்தார்கள். இரண்டாவது முறை காக்காய்க்கும் தெரியாது. இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பெண்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் யாராவது உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு ஏட்டையாவைப் பின்னால் நகர வைத்திருக்கிறார்களா? நான் வைத்திருக்கிறேன்.

அருவிக் குத்தாலம் இல்லை, நெல் விளைகிற குத்தாலம்; அதற்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி எங்கள் தெரு. ஒரே வரிசையாகக் கூரை வீடுகள். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர், போருக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் பண்ணையின் நெல். அப்போது கோட்டையில் புது ஆட்சி வந்திருந்தது. மேடைக்கு மேடை தமிழ் பேசினார்கள், கேட்க நன்றாகத்தான் இருந்தது. தெரு முனையில் புதிதாகக் கொடிக்கம்பம் முளைத்தது. பண்ணையில் கூலி அளக்கிற மரக்கால் மட்டும் பழைய மரக்கால்தான். கொஞ்சம் கூட்டி அளக்கச் சொல்லி சங்கத்து ஆட்கள் கேட்டார்கள். பண்ணை முடியாது என்று வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியது. வரப்பில் கைகலப்பு ஆனது. முன்னால் நின்றவர் என் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. பண்ணை ஆள் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. உடைத்தது யார் என்று உடைந்தவனுக்கே தெரியாது. வழக்கு மட்டும் மாமா பெயரில் விழுந்தது.

பிடிபட்டவர்கள் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த கோலத்தைத் தெருவே பார்த்திருந்தது. ஒருவருக்கு அதற்கப்புறம் கை தோளுக்கு மேலே எழும்பவே இல்லை. அதனால் மாமா ஓடினார்.

எங்கே ஓடுவது? எங்கள் சீமையில் மலையா இருக்கிறது, காடா இருக்கிறது? தாம்பாளம் மாதிரித் தட்டையான பூமி. ஆள் மறைய ஒரே இடம், நிற்கிற நெல். அந்தக் காலத்துச் சம்பா இடுப்புக்கு மேலே வளரும்; குனிந்து உட்கார்ந்தால் கொக்குக்குக்கூடத் தெரியாது. மாமா கதிருக்குள்ளேயே கிடந்தார். ஆனால் போலீஸ் காவலோடு அறுப்பு நடந்துகொண்டிருந்தது. தெற்கேயிருந்து வயல் வயலாக அறுத்துக்கொண்டு வர வர, மாமாவுக்கு இடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

எனக்கு அப்போது பன்னிரண்டோ பதின்மூன்றோ. ஒரே மழைக்காலத்தில் வெற்றிலைக் கொடி மாதிரி நீண்டுவிட்டிருந்தேன். பாவாடை கணுக்காலை விட்டு மேலே மேலே போயிற்று. ராத்திரியில் முட்டி வலிக்கும். கை எவ்வளவு நீளம் என்று எனக்கே கணக்குத் தெரியாமல் பானையைத் தட்டி உடைப்பேன். காரணமே இல்லாமல் கோபம் வரும். கோபம் போன பிறகு காரணமே இல்லாமல் அழுகை வரும். என்னோடு ஆடு மேய்த்த பிள்ளைகள் எல்லாரும் குடிசைக்குள் உட்கார்ந்து எழுந்து, தாவணி போட்டு, பெரிய மனுஷிகள் மாதிரி என்னைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நான் மட்டும் இன்னும் ஆடுகளோடு. அடுத்த வீட்டு அத்தை, அப்பாவின் அக்கா, அம்மாவிடம் சத்தமாகவே சொல்லுவாள்:

"ஏ புள்ள, ஒன் மவ வளர்றா வளர்றா, சமையத்தான் மாட்டேங்குறா. தென்ன மரத்துக்குப் பொறந்தவளா?"

தை மாதத்துப் பனி ஒன்று இருக்கிறது, கைநீட்டினால் கை தெரியாது. அப்படி ஒரு விடிகாலையில் மாமா கொல்லைப்பக்கமாக வந்து விழுந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. அறுத்த தாள் ஏறி ஒரு பாதம் வீங்கிக் கிடந்தது.

"கடைசி வயலையும் இன்னிக்கி அறுத்துருவாங்கக்கா" என்றார். "ஒரு வாய் தண்ணி குடு. நான் போயிடுறேன்."

"போயி?" என்றாள் அம்மா.

அம்மா அவரை வைக்கோல் போருக்குள் திணித்தாள். ஆனால் ஏட்டையா தினமும் ஆட்களோடு வந்து வீடு வீடாகக் குடைகிறவர். போரைக் குத்திப் பார்க்கக் கம்பியே வைத்திருந்தார். அம்மா கொல்லையில் நின்றபடி வானத்தைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள், வாய்க்காலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். சந்தையில் கன்றுக்குட்டியைப் பார்ப்பது போல, தலையிலிருந்து கால் வரைக்கும்.

"வயித்த வலிக்குதா?"

"இல்லியே."

"வலிக்குது" என்றாள் அம்மா. "ராத்திரிலேர்ந்து வலிக்குது. வெளங்குதா?"

எனக்கு விளங்கிவிட்டது. அதுவரைக்கும் ஒன்று சொன்னால் ஒன்றுதான் புரிகிற பிள்ளை நான். அன்றைக்குத்தான் முதல்முதலாக, சொல்லாத நாலும் சேர்ந்து புரிந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் இது: பெண் வயசுக்கு வந்தால் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. கொல்லையில் பச்சைத் தென்னங்கீற்றால் ஒரு சின்னக் குடிசை கட்டி, வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, உள்ளே உட்கார வைப்பார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நாள் வரைக்கும் ஆண்பிள்ளை யாரும் கிட்ட வரக் கூடாது, அவள் முகத்தைப் பார்க்கவும் கூடாது. மற்ற நாளெல்லாம் எங்கள் தெருக்காரர்களைத் தொட்டால் தீட்டு என்றவர்கள், அந்தக் குடிசை இருக்கும் திசையைக்கூடத் தொட மாட்டார்கள். எங்களை எட்டி நிறுத்தி வைத்த தீட்டு எங்களுக்கு உபகாரம் செய்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மா நடுவாசலுக்கு வந்து ஒரு குலவை விட்டாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்களாம்.

அத்தைதான் முதலில் ஓடி வந்தாள். எனக்கு ஒரே சந்தோஷம். நாள் பூராவும் என்னைத் திட்டுகிறவள் அன்றைக்கு என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி முறித்தாள். அடையாளத்துக்குத் துணியில் கறை வேண்டுமே, அதற்கு எங்கள் கறுப்புக் கோழி போயிற்று. அத்தைக்குக் கண் கூர்மை.

"கோழியக் காணுமே?"

"கீரி தூக்கிட்டுப் போயிட்டுது அண்ணி."

"நல்ல நாளும் அதுவுமா வந்துச்சு பாரு கீரி!"

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. கேட்டால் காது சிவந்துவிடும். அதனால் அம்மா அவரை அன்றைக்கே சுவாமிமலைப் பக்கம் அறுப்பு வேலை இருக்கிறது என்று துரத்திவிட்டாள். குடிசை கட்ட வேண்டியது தாய்மாமன். தாய்மாமன்தான் தலைமறைவு. அம்மாவுக்குத் தம்பி முறையான வேறொருவரைப் பிடித்துக் கட்டச் சொன்னார்கள். எங்கே கட்டுவது என்று அவர் கேட்டபோது, "போர ஒட்டிக் கட்டுப்பா, காத்து அடிக்காது" என்றாள் அம்மா. அப்படியே கட்டினார். குடிசைக்குப் பின்சுவர் வைக்கோல் போர்தான். எனக்குத் தண்ணீர் ஊற்றி உள்ளே உட்கார வைத்து, பெண்களெல்லாம் கலைந்து போன பிறகு, பின்னால் வைக்கோல் மெல்ல அசைந்தது. மாமா தலையை நீட்டினார்.

மத்தியானம் ஏட்டையா வந்தார். பெரிய மீசை, பெரிய வயிறு, சின்னக் கண்.

"என்ன புதுக் குடிசை?"

"பொண்ணு உக்காந்துருக்குங்கய்யா" என்றாள் அம்மா.

"கட்டுனது யாரு? தாய்மாமன்தான கட்டணும்?"

"அவன் இல்லாத கொறையத்தாங்க நெனச்சு நெனச்சு அழுவுறேன்."

ஏட்டையாவின் சின்னக் கண் இன்னும் சின்னதாயிற்று. "சீர் செய்யவாச்சும் வந்துதான ஆவணும்? வரட்டும், வரட்டும்" என்றார். தெரு முனையில் இரண்டு போலீஸ்காரர்களைப் பெஞ்சு போட்டு உட்கார வைத்துவிட்டுப் போனார். அவர்கள் வெளியிலிருந்து வருகிற மாமாவுக்காக ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவர்கள் முதுகுக்குப் பின்னால் களி தின்றுகொண்டிருந்தார்.

அந்தக் களியைச் சொல்ல வேண்டும். பெரிய மனுஷியானவளுக்கு இடுப்புக்குப் பலம் வேண்டும் என்று உளுந்தை இடித்து, வெல்லமும் நல்லெண்ணெயும் விட்டு, கரண்டி நிற்கிற பதத்தில் கிண்டுவார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு சட்டி கொண்டுவந்தார்கள். அத்தனையும் மாமாவின் இடுப்புக்குத்தான் போயிற்று. தெரு தூங்கின பிறகு வைத்த கோழிக் குழம்பும் அவருக்குத்தான். நான் ஓரத்தைச் சுரண்டித் தின்றேன். காலிச் சட்டிகளைப் பார்த்து அத்தை மலைத்துப் போனாள்.

"சமைஞ்ச பொண்ணா இவ, இல்ல சாமி வந்த பொண்ணா? இந்தத் தீனி தின்னா எவன்டி கட்டுவான்?"

உள்ளே மாமா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

காய்ச்சல் இறங்கிய பிறகு மாமாவுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. குடிசையின் கீற்று முடிச்சுகளையெல்லாம் உள்ளேயிருந்தபடியே அவிழ்த்து, இறுக்கி இறுக்கிப் புதிதாகக் கட்டினார். "என்ன மாமா பண்ற?" என்று கிசுகிசுத்தேன். "மாமன் கட்டாத குடிசையில என் அக்கா மவ உக்காரலாமா?" என்றார். "இதான் பொய்யாச்சே" என்றேன். "குடிசை பொய்யில்லல்ல?" என்று சொல்லிவிட்டு அடுத்த முடிச்சுக்குப் போனார். வேலை செய்கிற நேரமெல்லாம் என் பக்கம் திரும்பாமலே இருந்தார். தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கக் கூட்டிப்போன மாமா. ஏன் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அதையும் அவர் முறை என்று நினைத்திருக்கலாம்.

இருமல் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் ஏட்டையா போரைக் குத்திப் பார்க்கும் கம்பியோடு கொல்லைக்கே வந்துவிட்டார். அம்மா அப்போது வாய்க்காலில் இருந்தாள். ஏட்டையா குடிசைக்குப் பத்தடி தள்ளி நிற்கும்போது மாமாவுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தார், அடக்கிய இருமல் ஆண்பிள்ளை இருமலாகவே வெடித்தது.

"உள்ள யாரு?"

கீற்று இடுக்கில் அவர் பூட்ஸ் காலைப் பார்த்தேன். உலக்கைக்கு ஒரு சாண் அந்தப் பக்கம் வந்து நின்றது. மாமா எழுந்துவிடப் பார்த்தார். நான் சிக்கக் கூடாது என்று தானே வெளியே போய்விடுவதற்கு. அவர் தோளைப் பிடித்து வைக்கோலுக்குள் அமுக்கினேன். என் தலைக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. ஏற்கெனவே இருமினது நான்தான் என்பது போல இன்னும் நாலு இருமல் இருமினேன். பிறகு சொன்னேன்:

"நாந்தாங்கய்யா. பச்ச ஓல ஈரம், சளி புடிச்சுட்டு. வேணும்னா உள்ள வந்து பாத்துக்குங்க. ஆனா மொத மொதல்ல என் மொகத்துல முழிக்கிற ஆம்பள வூட்டுக்குத்தான் இந்தத் தோஷமெல்லாம் போவும்னு எங்க அத்த சொல்லிச்சு. ஒங்க வூட்ல பொம்பளப் புள்ளைங்க இருக்குங்களாய்யா?"

பூட்ஸ் கால் அப்படியே நின்றது. அப்புறம் ஒரு அடி பின்னால் போயிற்று. இன்னும் ஒரு அடி.

"வாயப் பாரு, அருவா மாதிரி" என்றார் ஏட்டையா. அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டார். கம்பியைக் குத்தாமலே.

எனக்கு அன்றைக்கு வந்த தலைநிமிர்வு இன்றைக்கும் கழுத்தில் இருக்கிறது. மாமா வைக்கோலுக்குள்ளிருந்து, "களவாணி, நெசமாவே பெரிய மனுஷி ஆயிட்டடி" என்றார். வைக்கோலைப் பார்த்தபடியேதான் சொன்னார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. பெண்ணைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி வெளியே கூட்டி வந்ததும் குடிசையைப் பிரித்துத் தள்ளிவைத்துக் கொளுத்திவிடுவது வழக்கம். மறைப்பு அத்தோடு போயிற்று. ஏட்டையாவும் வழக்கம் தெரிந்தவர்; சீர் கொண்டு மாமன் வருகிற கடைசி நாள் என்று ஆட்களோடு தெருமுனையில் நின்றார். அம்மா விடியற்காலையிலேயே போருக்கு அந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டி, ஒரு காலிக் குடத்தைக் கொண்டுபோய் வைத்தாள். மாமாவின் துண்டை நனைத்துக் கொடுத்தாள். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அந்த நாட்களில் எனக்கு எல்லாம் அப்படித்தான் தெரிந்தது.

குடிசையைப் பிரிக்கக் கை வைத்தவர்களை அம்மா தடுத்தாள்.

"அப்புடியே வச்சுக் கொளுத்துங்க. என் தம்பி கட்டாத குடிசைய எதுக்குப் பிரிச்சுக்கிட்டு?"

"போர் பக்கத்துல இருக்கு புள்ள!" என்று அத்தை கத்துவதற்குள் கொள்ளி விழுந்துவிட்டது. பச்சை ஓலை எரியாது, புகையும். கரும்புகையாகத் திரண்டு கொல்லையை மூடிவிட்டது. அந்தப் புகைக்குள் அம்மா பற்றிக்கொண்ட ஒரு கீற்றைக் காலால் போர்ப்பக்கம் தள்ளினதை நான் ஒருத்திதான் பார்த்தேன். போர் ஒரு மூலையில் பிடித்துக்கொண்டது. உடனே அம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, போர் போச்சே! என் மாடு என்னத்தத் திங்கும்! தண்ணி கொண்டாங்க, தண்ணி!"

தெருவே குடத்தோடு ஓடிற்று. ஆண்களெல்லாம் புகைக்குத் துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு ஓடினார்கள். போலீஸ்காரர்களும் வந்துவிட்டார்கள், பாவம், அவர்களும் வாளி தூக்கினார்கள். ஏட்டையா கண்ணில் நீர் வழிய லத்தியை ஆட்டி ஆட்டி எல்லாரையும் ஏவினார். போருக்குப் பின்னாலிருந்து முகத்தில் துண்டும் கையில் குடமுமாக ஒருவர் காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஏய்! என்னடா நொண்டிக்கிட்டு நிக்கிற?" என்று ஏட்டையா அவர் முதுகில் ஒன்று வைத்தார். "ஓடுடா! ஓடித் தண்ணி கொண்டாடா!"

"தோ ஓடுறேங்கய்யா" என்றார் மாமா. ஓடினார். வாய்க்காலில் இறங்கினார். குடம் மட்டும் மறுநாள் அடுத்த மதகில் கிடைத்தது.

நாகூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கொஞ்ச நாளில் செய்தி வந்தது. தர்காவில் நேர்ச்சைக்கு வருகிற கூட்டத்தில் நீ யார், எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்பதில்லையாம். அந்த வருஷம் முழுக்க எங்கள் மாடு ஊரார் வைக்கோலைத்தான் தின்றது. அம்மா அதற்கு ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

கூத்து முடிந்தால் வேஷத்தைக் கலைத்துவிடுவார்கள் அல்லவா, நானும் அப்படித்தான் நினைத்தேன். மாமா போன மறுநாள் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு ஆட்டை ஓட்டிப் போனேன். மதகு மேலே ஏறி வாய்க்காலில் குதித்தேன். தலையைத் தூக்குவதற்குள் அத்தையின் கூப்பாடு கேட்டது. அம்மா வந்து முடியைப் பிடித்துக் கரையேற்றினாள்.

"இனிமே குதிக்கக் கூடாது."

"அதான் பொய்யாச்சேம்மா!"

"பொய்யின்னு ஒனக்கும் எனக்கும்தாண்டி தெரியும்."

ஆடுகள் வேறொரு பிள்ளைக்குப் போயின. எனக்குத் தாவணி வந்தது. தடுக்கி விழுந்தேன், திட்டு வாங்கினேன், மறுபடி கட்டிக்கொண்டேன். பெண் கேட்டு ஆள் வர ஆரம்பித்தார்கள். "இப்ப என்ன அவசரம்?" என்று அம்மா தள்ளித் தள்ளிப் போட்டாள். நடவில் பெரிய பெண்களோடு வரிசையில் நின்றேன். அவர்கள் என்னையும் வைத்துக்கொண்டே எல்லாப் பேச்சும் பேசினார்கள். பாதி புரியாவிட்டாலும் புரிந்த மாதிரி சிரித்தேன். அதிலும் நான் கெட்டிக்காரியாகத்தான் இருந்தேன்.

ஐப்பசியில் தாளடி நடவு சமயம். முழங்கால் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் ஒரு வலி சுருண்டது. இது யாரும் சொல்லிக்கொடுத்த வலி இல்லை. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் பேசிக்கொண்டேயிருந்தார்கள். நான் பயப்படவில்லை. எனக்குத்தான் இதெல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டதே. கையிலிருந்த நாற்று முடியை நட்டு முடித்து, தலைவலி என்று சொல்லிவிட்டு, வரப்பேறி வீட்டுக்கு வந்தேன்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நெசமாவே வந்துருச்சு" என்றேன். பரிசு வாங்கி வந்தவள் மாதிரிதான் சொன்னேன்.

முறம் நின்றது. அம்மா என்னைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"வெளிய யாருக்காச்சும் தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. நான் என்ன மக்கா?"

களி கிண்ட உளுந்து வறுத்தால் வாசனை அடுத்த வீட்டுக்குப் போகும். அத்தை எட்டிப் பார்ப்பாள். குடிசை கட்ட முடியாது. ஒரு பெண்ணுக்கு எத்தனை தடவை கட்டுவது? ஆகையால் அம்மா ஒரு பானையில் தண்ணீர் எடுத்து, ஒரு துண்டு மஞ்சளை உரசிக் கரைத்து, என்னை அடுப்பங்கரை மூலையில், மண் தரையிலேயே உட்கார வைத்தாள். மெதுவாகத் தலையில் ஊற்றினாள். தண்ணீர் விழுகிற சத்தம்கூட வரக் கூடாது என்று உள்ளங்கையில் வாங்கி வாங்கி ஊற்றினாள். குலவைக்கு அவள் வாய் திறந்தது, நாக்கு புரண்டது; சத்தம் வரவில்லை. கையால் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் பானையை வைத்துவிட்டு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஏட்டையாவுக்கு முன்னால் கண்ணைத் தாழ்த்தாதவள். சொந்தப் போரில் தானே தீயைத் தள்ளினவள். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நாட்களில் எல்லாம் விளங்கின எனக்கு இது ஒன்று விளங்கவே இல்லை. மஞ்சள் தண்ணீர் கண்ணில் வழிய, அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"மாமாதான் தப்பிச்சிட்டுதே! அப்பறம் ஏம்மா அழுவுற?"